உப்புக்காற்றும் பழைய ரிவோல்வரும்

திருகோணமலையில் துவக்குகள் சுட்டுக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். வாடை வீசும் மாதங்களில் கை பட்ட இரும்பைத் துடைக்காமல் வைத்தால், விரல் பதிந்த இடத்தில் துரு எழுந்துவிடும். அதனால் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவோல்வரை, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய கைத்துவக்கை, இங்கே அடிக்கடி கழற்றத்தான் வேண்டும். எதுவரை கழற்றுவது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ரவைகள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல், சுத்தியலை இரண்டாவது சொடுக்கு வரை இழுங்கள். அதுதான் அரைநிலை, சிலிண்டர் தடையில்லாமல் சுழலும். ரவை போடும் வலப்பக்கக் கதவைத் திறந்து சிலிண்டரின் ஆறு அறைகளையும் பாருங்கள். சுத்தியலின் ஊசி ரவையின் மேலேயே உட்காரும் என்பதால், ஐந்தை நிரப்பி ஒன்றை வெறுமையாக விடுவது இந்தத் துவக்கின் பழைய வழக்கம். ஆகவே ஓர் அறை வெறுமையாக இருப்பதை வைத்து மற்றவற்றை முடிவுசெய்ய முடியாது.

பிறகு சட்டத்தின் (ஃபிரேம்) முன்பக்கம் குறுக்கே உள்ள பூட்டை அழுத்தி, சிலிண்டர் சுழலும் அச்சை முன்னால் உருவினால், சிலிண்டர் வலப்பக்கமாக வெளியே வரும். மிகப் பழையவற்றில் பூட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்குரூ இருக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் புஷ் என்ற சிறு குழாய் தானாகக் கழன்று உருளும். கீழே துணி விரிப்பது அதற்காகத்தான். அச்சு வரவில்லையென்றால் கரியும் துருவும் பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். பிளையரால் கடித்து இழுத்த அச்சின் தழும்பு பிறகு போகாது.

ரூகர் நிறுவனத்தின் 1973க்குப் பிந்திய இதே வகை ரிவோல்வரில் அரைநிலை கிடையாது. சுத்தியல் கீழே இருக்க, கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும்.

குழலைப் பின்பக்கமிருந்து துடைக்கச் சட்டம் வழிவிடாது. முன்வாயிலிருந்துதான் கம்பியை விட வேண்டும். விளிம்பில் உரசினால் குறி விலகும். பித்தளைக் கம்பியும் வழிகாட்டி வளையமும் இருந்தால் அந்தக் கவலை குறையும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாள்பட்டால் அது காறி அமிலமாகும்.

வழமையான பராமரிப்புக்கு இவ்வளவு போதும். பிடியையும் விசைப் பகுதியையும் பிரிக்க விரும்புகிறவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதே. பழைய ரிவோல்வர்களில் நான் காணும் சேதத்தில் பெரும்பங்கு ஸ்குரூத் தலைகளில்தான்: காடிக்குப் பொருந்தாத, நுனி சரிந்த ஸ்குரூ ட்ரைவர் வழுக்கிக் காடியைப் பிளந்திருக்கும். பிரித்தே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் பக்கத்தில் உள்ள மூன்று ஸ்குரூக்களையும் இடம் மாறாமல் அட்டையில் குத்தி வையுங்கள். விசைக்கும், சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் சிலிண்டர் பூட்டுக்கும் பொதுவான இரட்டைக்கால் தட்டை வில்லின் (ஸ்பிரிங்) ஒரு கால் முறிவது இந்த மாதிரியின் பிறவிக் குறை. கையில் மாற்று வில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

துடைத்த பின் தோல் உறையில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் போதும்.

பாகங்களைத் திரும்பப் பொருத்தியதும் வெறும் துவக்கில் சுத்தியலை மெதுவாக முழுக்க இழுங்கள். நான்கு சொடுக்குகள் கேட்க வேண்டும். அரைநிலையிலிருந்து அப்படியே கீழே விடாமல், முழு நிலைக்குக் கொண்டுபோன பின்பே பெருவிரலால் தாங்கி இறக்குங்கள்; இல்லாவிட்டால் சிலிண்டர் பூட்டு சிலிண்டரைச் சுற்றி வளையக் கீறல் போடும். முழு நிலையில் சிலிண்டரைக் கையால் திருக முடிந்தால் சிலிண்டர் பூட்டிலோ அதன் வில்லிலோ பழுது உண்டு. அதில் ரவை போடக்கூடாது.