தாடையில் இரண்டு வெட்டு

என் இடது தாடையில், காது மடலுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி ஒரு வெளிறிய கோடு இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். விரல் வைத்துத் தடவினால் மேடு தட்டுப்படும். வலது தாடையிலும் ஒரு வெட்டு விழுந்ததுண்டு. அது இதைவிட ஆழம். ஆனால் அது எந்த இடம் என்று இன்று கண்ணாடியில் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டும் சவரம் செய்கையில் ஒரே மடக்குக் கத்தி போட்டவை. நடுவில் இரண்டு வருட இடைவெளி.

போன வாரம் அக்கா மகன் வீடியோவில் அழைத்தான். மோவாயில் டிஷ்யூ துண்டு ஒட்டியிருந்தது, நடுவில் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. "மாமா, தழும்பு விழுமா?" என்றுதான் முதலில் கேட்டான். அவனுக்கு அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த டிஷ்யூவைப் பிய்க்காதே என்றேன். காய்ந்த காகிதத்தை இழுத்தால் உறைந்த ரத்தமும் சேர்ந்து வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீரில் நனைத்து, தானாக நழுவ விட்டு எடுக்கச் சொன்னேன். பிறகு சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்தச் சொன்னேன். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்ன வெட்டுக்கூடப் பயமுறுத்தும் அளவுக்கு ஒழுகும். அதே ரத்த ஓட்டத்தால்தான் முகத்துக் காயம் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. ஆஸ்பிரின் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

படிகாரம் பற்றிக் கேட்டான். மேலாகச் சிராய்த்த இடத்துக்கு நல்லது. நனைத்த கல்லைச் சில நொடிகள் வைத்தால் திசுவைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். பிறகு கழுவிவிட வேண்டும். வாய் பிளந்த வெட்டுக்குள் படிகாரப் பொடியைத் திணிப்பதுதான் தப்பு. இடது பக்கத்தில் நான் செய்தது அதுதான்.

அதோடு நிறுத்தவும் இல்லை. காலையும் மாலையும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன். நுரை பொங்கினால் கிருமி சாகிறது என்று நம்பினேன். காயத்தை மூட வரும் புதுச் செல்களையும் அது சேர்த்தே கொல்லும். அதன்மேல் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ். காயம் காய்ந்து கறுப்பாகப் பொருக்கு கட்டியதும் ஆறிவிட்டதாக நினைத்து, நாலாம் நாள் அதன் மேலேயே சவரம் செய்தேன். பொருக்கு கத்தியோடு வந்தது. அந்த மாதத்தில் மூன்று முறை அதே இடம் திறந்தது. உள்ளே தோல் ஒவ்வொரு முறையும் அவசர அவசரமாகக் கொலாஜன் நாரைக் குவித்து ஒட்டுப்போட்டிருக்கிறது. இன்று விரலில் தட்டுப்படும் மேடு அதுதான்.

முகத்தில் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். வெட்டு அதோடு நின்றால் தடம் தெரியாமல் ஆறிவிடும். அதைத் தாண்டி உள்தோலுக்குள் இறங்கினால் ஏதோ ஒரு தழும்பு விழத்தான் செய்யும். அது கண்ணுக்குத் தெரியாத கீற்றாக நிற்பதும் மேடாவதும் பிறகு நாம் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் பொறுத்தது. நன்றாகத் தீட்டிய கத்தி இங்கே நமக்குத் துணை. ஓரம் கிழியாமல் நேராக வெட்டுவதால் இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும்.

வலது பக்கம் வெட்டியபோது நான் செய்தவை மிகக் குறைவு. அழுத்தினேன். ஓடும் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவினேன். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவி, மேலே சின்ன பிளாஸ்டர். தினமும் ஒருமுறை மாற்றினேன். காயத்தைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரம் காத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்வதைக் காட்டினார். காய்ந்த பொருக்கு இருந்தால் புதுச் செல்கள் அதற்கு அடியில் ஈரமான பாதை தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஈரமாக இருந்தால் நேராக நகர்ந்துவிடும். பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் கத்தி படவே விடவில்லை. ஒரு கன்னத்தில் மட்டும் தாடியோடு வேலைக்குப் போனேன்.

மூடிய பிறகும் கவனம் வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்கும் புதுத்தோலில் வெயில் பட்டால் கறுத்துவிடும், நம் நிறத்தில் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை விடாமல் பூசுங்கள். தழும்பு முழுதாக அடங்க ஒரு வருடம்கூட ஆகும். மேடாகத் தொடங்கினால் சிலிக்கோன் ஜெல் அல்லது சிலிக்கோன் பட்டையை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து உபயோகிக்கலாம். வைட்டமின் ஈ எண்ணெயை நான் சொல்ல மாட்டேன். தழும்பை அது குறைப்பதாக நல்ல ஆதாரம் கிடையாது, சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வருகிறது. வெட்டின் எல்லையைத் தாண்டித் தழும்பு வளர்ந்துகொண்டே போனால் அது கீலாய்டு. தாடையோரம் அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் ஆரம்பத்திலேயே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத வெட்டுகளும் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, விளிம்புகள் சேராமல் பிளந்து நிற்பது, உதட்டின் ஓரக்கோட்டைத் தாண்டியது. உதட்டுக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் வாழ்நாள் முழுக்கத் தெரியும். அன்றைக்கே தையல் போட்டுவிட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் சிவப்பு பரவி, சூடும் வலியும் கூடி, சீழ் வைத்தால் காத்திருக்க வேண்டாம்.

அவன் எப்படி வெட்டிக்கொண்டான் என்று கேட்டேன். மோவாய் வளைவில் கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கிறான். மடக்குக் கத்தி எப்போதும் தன் கூர் விளிம்புக்குக் குறுக்காகத்தான் போக வேண்டும். தன் நீளவாக்கில் ஒரு நூல் சறுக்கினாலும் அது தோலை அறுக்கும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். வளைவான இடங்களில் சின்னச் சின்ன இழுப்பு. அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் கத்தி மழுங்கிவிட்டது, தோல் வாரில் தீட்டிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். கத்தியை இன்னொருவரோடு பகிரவே கூடாது, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் பட்ட கத்தி வழியாகப் பரவும்.

இன்று எட்டாம் நாள். காலையில் படம் அனுப்பியிருந்தான். பொருக்கு இல்லை, மெல்லிய இளஞ்சிவப்புக் கீற்று மட்டும். "இப்ப சவரம் பண்ணலாமா மாமா?" என்று கேட்டிருந்தான். சுற்றிலும் பண்ணு, அந்த இடத்தை இன்னும் நாலு நாள் விட்டுவிடு என்று பதில் போட்டேன்.