தம்பி கடிச்ச நாட்களும் காலண்டர் சீட்டும்

எங்க பையனை தம்பின்னுதான் கூப்பிடுவோம். அவனுக்கு நாலரை வயசு, சிபி (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நிலை), ரெண்டு காலும் வலது கையும் இறுக்கம் ஜாஸ்தி, பேச்சு இன்னும் வரல. போன ஆடி மாசத்துல இருந்து கடிக்க ஆரம்பிச்சான். தூக்கினா தோள்ல கடி, சாப்பாடு வெச்சா தட்டை தள்ளிவிடறது, சாயங்காலம் ஸ்ப்ளிண்ட்டை (கணுக்காலை நேரா பிடிச்சுவெக்க காலுக்குப் போடறது) கையில எடுத்தாலே கத்தல். வீட்டுக்கு வர்றவங்கல்லாம் "செல்லம் குடுத்து கெடுத்துட்ட, ரெண்டு போடு போடு, அடங்கிடுவான்"னு சொல்லுவாங்க. ஒரு நாள் தாங்க முடியாம நானும் அடிச்சிட்டேன். அழுதான், அழ அழ உடம்பு இன்னும் முறுக்கிக்கிச்சு, அந்த இறுக்கம் விட அரைமணி நேரம் ஆச்சு, மடியிலயே வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் கை ஓங்கல.

பிசியோ மேடம்தான் ஒரு வழி சொன்னாங்க. கடிச்சா மணி என்ன, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அப்புறம் நாம என்ன பண்ணோம், இதை மட்டும் எழுதுங்கன்னு. நான் தினசரி காலண்டர்ல கிழிக்கற சீட்டோட பின்பக்கமே எழுதினேன். மூணு வாரம் கழிச்சு தரையில பரப்பிவெச்சு நானும் அவரும் பார்த்தோம், கடிச்ச நாள்ல பாதிக்கு மேல அவன் மோஷன் போகாத நாள். நடமாட்டம் கம்மி, தண்ணி முழுங்கறதும் கஷ்டம், இந்தப் பிள்ளைங்களுக்கு மலச்சிக்கல் ரொம்ப சகஜம், தெரிஞ்சும் நான் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவே இல்ல. டாக்டர் சிரப் எழுதிக் குடுத்தார், ரெண்டே வாரத்துல கடி நல்லா குறைஞ்சுது. சிபி பத்தி 2012ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல 4 பிள்ளைங்கள்ல 3 பேருக்கு வலி இருக்கு, நடத்தை பிரச்சனை 4ல ஒருத்தருக்குன்னு போட்டிருக்கு. அப்போ முதல்ல தேட வேண்டியது வலியைத்தானே?

இன்னொண்ணு குக்கர். எட்டு சீட்டுல "சமையல் நேரம், இடுப்புல வெச்சிருந்தேன், கடிச்சான்"னு இருந்துச்சு. விசில் வந்தா அவன் உடம்பு மொத்தமும் தூக்கிப் போடும், திடுக்கிடறது இவங்களுக்கு அவ்ளோ பலமா வரும், அந்த நொடியில வாய்க்கு எது கிடைக்குதோ அதைக் கவ்விடறான். இப்ப "தம்பி, விசில் வரப்போகுது"ன்னு முன்னாடியே சொல்லி நெஞ்சோட அணைச்சுப்பேன். இப்பவும் உதறுது, ஆனா கடிக்கறதில்ல.

ஃபிட்ஸ் மருந்து குடுக்கறவங்க இதையும் டாக்டர்கிட்ட கேளுங்க, லெவிடிராசிடம் மாதிரி மருந்துக்கு எரிச்சல், கோவம் பக்கவிளைவா வரலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் திரும்ப வந்துடும்.

ஸ்ப்ளிண்ட் சண்டைக்கு ரெண்டு சாக்ஸ் உதவுச்சு. நீலம் ஒரு கையில, மஞ்சள் ஒரு கையில பிடிச்சு "எது?"ன்னு கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுவேன். ஏழு எட்டு வரும்போது மெதுவா கண்ணு ஒரு பக்கம் போகும். அவ்ளோ நேரம் ஆகும் அவனுக்கு, முன்னாடி நான் ரெண்டு செகண்ட் கூட நின்னதில்ல. ஆமாவுக்கு மேல பார்ப்பான். படத்தைத் தொட்டா அந்த வார்த்தையைப் பேசற, சென்னையில உருவான ஆவாஸ் ஆப்பும் போட்டுப் பார்த்தோம், டேப்லட் தொட கை இன்னும் வசப்படல, அதனால இப்போதைக்கு அட்டையில ஒட்டின படங்கள்தான்.

அதுக்காக எல்லாமே வலின்னு சொல்ல மாட்டேன். போனுக்காக தட்டைத் தள்றது சுத்தமான அடம், நாலு வயசுப் பிள்ளை பண்ற அதே அடம். அதுக்கு போன் கிடையாது. "தட்டைத் தள்ளக்கூடாது"ன்னு ஒரே தடவை, கத்தாம சொல்லிட்டு தட்டை எடுத்துடுவேன், அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப வெப்பேன். அத்தை பாவம் பார்த்து போனைக் குடுத்துடுவாங்க, அவங்களுக்குப் புரியவெக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

முந்தாநாள் திரும்ப கடிச்சான். மோஷன் போயிருந்தான், விசிலும் இல்ல. ஸ்ப்ளிண்ட் கழட்டி அரைமணி ஆகியும் கணுக்கால் எலும்பு மேல சிவப்பு போகல, கால் வளர்ந்திருக்கு. சனிக்கிழமை புதுசுக்கு அளவு எடுக்கப் போறோம், அதுவரைக்கும் இதைப் போட வேண்டாம்னு மேடம் சொல்லிட்டாங்க.