வீடு பார்க்கப் போகும் நேரம்

எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "அக்கா, அந்த ஏரியா எப்படி? பயமில்லாம இருக்கலாமா?" வேலைக்காகப் பல பெரிய நகரங்களில் வாடகைக்கு இருந்தவள், மாலை ஷிஃப்ட் முடித்து இரவு பதினொன்றரைக்குத் தனியாக வீடு திரும்புகிறவள் என்பதால் இந்த ஆலோசகர் பதவி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்தத் தெரு? எந்த ஸ்டாப்ல இறங்குவே? எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஒரு வார்த்தையில் முடிய வேண்டியதை அக்கா இழுக்கிறாளே என்று.

இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989-இல் லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்த முகவரிகளில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலான இடங்களிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிற்பாடு டேவிட் வைஸ்பர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் சியாட்டில் நகரத்தைத் தெருத்தெருவாக 14 ஆண்டுக் கணக்கோடு அலசினார்கள். சுமார் 5 சதவீதத் தெருக்களில் பாதிக் குற்றங்கள். அந்த விகிதம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவும் இல்லை. பெயர் கெட்ட பகுதிக்குள்ளேயே ஒரு வம்பும் இல்லாத தெருக்கள் வரிசையாக இருந்தன. நல்ல பெயர் வாங்கிய பகுதியிலும் ஓரிரு மூலைகள் விடாமல் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தன. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் இருந்த நகரங்களிலெல்லாம் இரண்டு தெரு தள்ளினால் ஊரே வேறாக இருக்கும்.

எங்கே என்ன குற்றம் நடந்தது என்று காட்டும் குற்ற வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. "அக்கா, அந்த இடம் முழுக்க ஒரே சிவப்பு!" என்று போனை நீட்டுவார்கள். பார்த்தால் அது நகர மையமாக இருக்கும். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். பகலில் வந்து போகிறவர்கள் லட்சக்கணக்கில். அங்கே திருடு போகும் பர்ஸையெல்லாம் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எண் பயங்கரமாகத்தான் தெரியும். பெரிய ரயில் நிலையம், விளையாட்டரங்கம் இருக்கும் பகுதிகளுக்கும் இதே கதிதான். இன்னொன்று, வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடத்தில்தான் சம்பவம் நடந்தது என்றும் நம்ப முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசின் வரைபடத்தில், இடம் சரியாகக் கண்டுபிடிக்க முடியாத குற்றங்களையெல்லாம் மென்பொருள் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புள்ளியில் குவித்து வைத்திருந்ததை 2009-இல் ஒரு நாளிதழ் கண்டுபிடித்தது. பிரிட்டனின் வரைபடத்தில், பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியாமலிருக்க, சம்பவத்தை வேண்டுமென்றே பக்கத்திலுள்ள பொதுவான ஒரு புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அதனால் வரைபடத்தில் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. என்ன வகைக் குற்றம், எந்த நேரத்தில் என்று மட்டும் பார்ப்பேன். சைக்கிள் திருட்டு நிறைய நடக்கும் தெருவில் எனக்குக் கவலை இல்லை. என்னிடம் சைக்கிள் கிடையாது. இரவு வழிப்பறி திரும்பத் திரும்ப ஒரே பாலத்துக்கு அடியில் நடந்திருந்தால், அந்தப் பாலம் என் வழியில் வருகிறதா என்று பார்ப்பேன்.

வாய்வழி வரும் பெயருக்கு நான் இன்னும் குறைவாகவே மதிப்புக் கொடுக்கிறேன். "அங்கே இருக்கிறவங்க ஒரு மாதிரி" என்று யாராவது சொன்னால், "என்ன நடந்தது, யாருக்கு நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் பதில் இருக்காது. சிகாகோவில் ராபர்ட் சாம்ப்ஸனும் ஸ்டீபன் ரவுடன்புஷும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு பகுதி எவ்வளவு சீர்கெட்டிருப்பதாக மக்கள் நினைக்கிறார்கள் என்பதை, தெருவில் உண்மையாகக் கண்ணில் படும் குப்பை கூளங்களைவிட, அங்கே வசிப்பவர்களின் இனமும் வறுமையும்தான் அதிகம் தீர்மானித்தன. ஏழைகள் வசிக்கும் தெருவெல்லாம் ஆபத்து என்றால், நான் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கவே முடியாது.

சரி, பிறகு எப்படித்தான் பார்ப்பது? எந்த நேரத்துக்கு வீடு திரும்புவீர்களோ அந்த நேரத்துக்கே போய்ப் பாருங்கள். புரோக்கர் பகல் பதினொரு மணிக்குக் கூட்டிப் போவார். வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நான் அவரோடு வீட்டைப் பார்த்துவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ இரவு பதினொன்றரைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை நடப்பேன். வீட்டுக்குள் போகத் தேவையில்லை. எனக்கு வேண்டியது அந்த நடைதான்.

நடக்கும்போது முதலில் பார்ப்பது தரைத்தளம். பகலில் கலகலப்பாக இருந்த கடை வரிசை இரவில் ஷட்டர் இறக்கிய நீளச் சுவராகியிருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் ஏதோ அலுவலகத்தின் காம்பவுண்ட் சுவர் என்றால், இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு குழாய் மாதிரிதான் அந்தத் தெரு. அதைவிட, அகலம் குறைவானாலும் முதல் மாடி ஜன்னல்களில் வெளிச்சமும் தொலைக்காட்சிச் சத்தமும் வரும் சந்து எனக்கு எவ்வளவோ மேல். லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் சொன்ன கணக்கு இது: குற்றம் செய்யத் தயாராக ஒருவன், அவனுக்கு ஏற்ற இலக்கு, தடுக்க ஆளில்லாத நேரம், மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். தடுக்கும் ஆள் போலீசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடைக்காரர், பால்கனியில் போன் பேசுகிறவர், நாயை நடத்திக்கொண்டு வரும் பெரியவர், இவர்களில் யாராவது இருந்தாலே போதும். என் வழியில் இப்படி யாரும் இல்லாத நீளம் எவ்வளவு என்றுதான் எண்ணிக்கொண்டு போவேன்.

அடுத்தது விளக்கு. நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தற்காலிக விளக்குக் கோபுரங்கள் நிறுத்தினார்கள்; அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் விளக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை விளக்கு இருந்தால் அதற்கு அப்பால் நிற்பவர் தெரியவே மாட்டார். மரக்கிளை மறைத்த விளக்கு மரத்துக்குத்தான் வெளிச்சம் தரும். எதிரே வருகிறவரின் முகம் ஒரு பத்தடி, பதினைந்தடி தூரத்திலேயே தெரிகிறதா? எனக்கு அதுதான் அளவுகோல். துணைக்கு வந்தவரைக் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பது தெரிந்தால் வெளிச்சம் போதும்.

போகிற போக்கில் சாலையைக் கடக்கும் இடத்தையும் பாருங்கள் என்று நான் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. திருடனைப் பற்றிப் பேச வந்த இடத்தில் சாலை எதற்கு என்ற முகபாவம். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில், கத்திக்குத்தோடு வந்தவர்களைவிட சாலையைக் கடக்கும்போது அடிபட்டு வந்தவர்களைத்தான் நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடப்பவர்களும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும். நடப்பவர் மீது காரின் முன்பக்கம் மோதும்போது, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 65 கிலோமீட்டரில் சாவதற்கான ஆபத்து நாலரை மடங்கு என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. ஆகவே பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் சிக்னல் இல்லாத ஆறுவழிச் சாலை இருந்தால், அந்த வீட்டை நான் எடுக்க மாட்டேன். வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி.

வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "இங்கே எப்போதாவது திருட்டு நடந்ததா? அதற்கப்புறம் என்ன மாற்றினீர்கள்?" ஒரு முறை திருடு போன வீட்டில் மறுபடியும் திருடு போக வாய்ப்பு அதிகம்; அடுத்த சில வாரங்களில்தான் அது உச்சத்தில் இருக்கும். பின்கதவு எப்படித் திறக்கும் என்பது வந்தவனுக்கு ஏற்கெனவே தெரியும், தூக்கிப் போனதற்குப் பதிலாகப் புதுப் பொருள் வாங்கி வைப்பீர்கள் என்பதும் தெரியும். 1980-களில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் இதை வைத்தே ஒரு திட்டம் நடந்தது. எல்லா வீட்டுக்கும் பாதுகாப்பு என்று பணத்தைத் தெளிக்காமல், ஏற்கெனவே திருடு போன வீடுகளை மட்டும் குறிவைத்தார்கள். பூட்டை மாற்றினார்கள், திருடர்களை இழுத்துக்கொண்டிருந்த, காசு போட்டால் கேஸ், கரண்ட் வரும் மீட்டர்களை எடுத்தார்கள், சுற்றியிருந்த வீட்டுக்காரர்களைக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருட்டு மளமளவென்று குறைந்தது. எனவே ஓனர் "ஆமாம், போன வருடம் நடந்தது, கதவுச் சட்டத்தையே மாற்றிவிட்டோம்" என்றால் அது எனக்குக் கெட்ட பதில் இல்லை. "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று அவசரமாகப் பேச்சை மாற்றுகிறவர்தான் யோசிக்க வைக்கிறார்.

வீட்டைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஆபத்து தெருவில் மட்டும் இல்லை, கதவுக்கு உள்ளேயும் இருக்கலாம். ஐ.நா.வின் கணக்கில் 2023-இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் சுமார் 60 சதவீதத்தினர் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டவர்கள். இருட்டுத் தெருவைப் பார்த்துப் பயந்துகொண்டே, யாரென்று தெரியாதவரோடு அறையைப் பங்குபோடச் சம்மதிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். உங்கள் அறைக் கதவுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் இருக்கிறதா, இன்னொருவரைத் தேடி யாரெல்லாம் வந்து போவார்கள், சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நடக்கும்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடப்பேன், பின்னாலிருந்து பைக்கில் வந்து எதையும் பிடுங்குவது கஷ்டம். பை சுவர்ப் பக்கத் தோளில். வழி பார்க்க வேண்டுமானால் ஒரு வாசலோரம் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று பார்த்துவிட்டு, போனை உள்ளே வைத்துவிடுவேன். ரயிலில் கதவோரம் நின்று போன் பார்ப்பதில்லை. கதவு மூடும் நொடிதான் பறிப்பவனுக்கு வசதி. ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அழுத்தினால் வரும், அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும், ஆனால் அது உங்கள் போனில் போகுமா, எந்த எண்ணுக்குப் போகும் என்பதை செட்டிங்ஸில் இன்றைக்கே பார்த்து வைக்க வேண்டும்.

லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். யார் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அனுப்பியவர் நிம்மதியாக நடப்பார், வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கும் என் சக நர்ஸுக்கும் உள்ள ஏற்பாட்டில் நேரம் உண்டு. வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டியதும் "பூட்டியாச்சு" என்று ஒரு வார்த்தை. பன்னிரண்டேகாலுக்குள் வரவில்லை என்றால் அவள் கூப்பிடுவாள். எடுக்கவில்லை என்றால் என் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டச் சொல்வாள். அவரும் பதில் இல்லை என்று சொன்னால் அப்புறம் போலீஸ்தான். பக்கத்து வீட்டு எண்ணைக் குடிவந்த அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் ஏதோ அவசரம்போலத் தெரியும், அவர்களும் பயந்துவிடுவார்கள்.

கடைசியாகப் பூட்டு. உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர், அவர்களின் வேலைக்காரர், நண்பர் என்று அந்தச் சாவிக்கு எத்தனை பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று ஓனருக்கே தெரியாது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பல கதவுகளில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம், அரைமணி நேர வேலை. பெட்டி படுக்கையைப் பிரிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவேன். செலவு யாருடையது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். கொடுத்த பிறகு பேசினால் எந்த ஓனரும் போனை எடுப்பதில்லை.