அக்காவுக்கு எட்டு கிராம், எனக்கு மாதம் ஆயிரம்

2022இல் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன், அரசு கலைக் கல்லூரி. அந்த செப்டம்பர் 5ஆம் தேதிதான் தமிழ்நாடு அரசு புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய்.

திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். எங்கள் வீட்டுக்கு அந்தப் பெயர் முன்பே பழக்கம், ஏனென்றால் இதற்கு முன்னால் அவர் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். அக்கா பத்தாவதோடு நின்றவள். 2018இல் அவள் கல்யாணத்துக்கு 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கக் காசும் கிடைத்தது. அந்தக் காசை உருக்காமல் வைத்திருந்தாள். நான் கல்லூரியில் சேரும்போது அதைத்தான் அடகு வைத்தோம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, சரி, ஆனால் மற்ற கட்டணங்கள், துணிமணி, லேப் கோட், புத்தகம் என்று பத்தாயிரம் பறந்துவிட்டது.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ஆயிரம் வர ஆரம்பித்தது, எனக்கு வரவில்லை. வங்கிக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் நடந்தேன். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே கேட்டால் ஆதார் இணைந்திருக்கிறது, பணம் வரும் என்பார்கள். கடைசியில் பார்த்தால் ஆதாரோடு இணைந்திருந்தது பள்ளியில் ஊக்கத்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கு, நான் மறந்தே போனது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தபோது ஐந்து மாதப் பணம் அப்படியே இருந்தது! அதில் நாலாயிரம் அடகுக் கடைக்குப் போனது. மிச்சத்தில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர்.

ஆயிரம் ரூபாய் பெரிய பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், மதியம் ஒரு தக்காளி சாதம், காலையில் இலவச டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் தனியார் பஸ்ஸுக்குக் காசு, இதற்கெல்லாம் அப்பாவிடம் கை நீட்டாமல் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். எனக்கு லேபில் பர்மாங்கனேட் டைட்ரேஷன் ரொம்பப் பிடிக்கும், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை. நிறம் மாறி முடிவைக் காட்ட தனியாக இண்டிகேட்டர் வேண்டாம், ஒரு சொட்டு கூடினாலே குடுவையில் இளஞ்சிவப்பு வந்து நின்றுவிடும். முதல் வருடம் பாதி நாள் மனம் அதில் இருந்ததில்லை, பஸ் காசைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் இருக்கிறது. பொதுவாகப் பன்னிரண்டாவதில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தது இரண்டாம் வருடத்தில். என் மதிப்பெண்ணுக்கு எப்படியும் கிடைத்திருக்காது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கிடைத்திருக்கலாம், அவளிடமும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் வருடம் எம்.எஸ்சி.க்காக ஐஐடி ஜாம் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். அப்போது பெண்களுக்கு ஒரு தாளுக்கு 900 ரூபாய். அந்த மாதத்து ஆயிரம் வந்த அன்றே கட்டிவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் நூறு இருக்கே, என்னடி பண்ணப் போற?"

பரோட்டா வாங்கினோம், இரண்டு பேரும்.