புள்ளி டைலும் வரி டைலும்

சென்னைப் புறநகர்ச் சாலை ஒன்றில் நடைபாதை அமைக்கும் ஒப்பந்தப் பணிக்கு மேற்பார்வையாளராக இருந்தபோது, பார்வையற்றோருக்கான மஞ்சள் டைல்களை வரைபடத்தில் உள்ள ஒரு கோடாக மட்டுமே நான் அறிந்திருந்தேன். முடிந்த வேலையின் அளவைப் பதியும் ‘எம் புக்’ என்ற ஏட்டில் இத்தனை மீட்டர் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு.

அந்த டைல்களில் இரண்டு வகை உண்டு. நீள வரிகள் எழும்பியிருப்பவை இப்படியே நடக்கலாம் என்று சொல்பவை. வட்டப் புள்ளிகள் எழும்பியிருப்பவை, முன்னால் படியோ சாலையோ இருக்கிறது, நில் என்று எச்சரிப்பவை. ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கிய இந்த முறை, 1967ஆம் ஆண்டு ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. மஞ்சள் நிறம்கூட அழகுக்காக அல்ல, ஓரளவு பார்வை உள்ளவர்கள் சாம்பல் நிறத் தரையிலிருந்து பிரித்தறிவதற்காக. இவையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. வரி டைல்கள் தீர்ந்துபோன ஒரு நாளில், வேலை நிற்கக் கூடாது என்று எங்கள் கொத்தனார் கையிருப்பில் இருந்த புள்ளி டைல்களை நேர்பாதையின் நடுவே ஆங்காங்கே பதித்தார். எல்லாம் மஞ்சள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு அவ்வழியே நாள்தோறும் நடந்துவரும் பார்வையற்றவர் ஒருவர், பாதை திறந்த முதல் வாரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் சட்டென்று நிற்பதையும், கோலால் முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கியபடி நகர்வதையும், பத்தடி தள்ளி மறுபடியும் நிற்பதையும் கண்டேன். உதவுவதாக நினைத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, என் முழங்கைக்கு மேலே தாம் பிடித்துக்கொண்டார். “நீங்க முன்னால போங்க தம்பி, நான் அரையடி பின்னால வரேன். இழுத்தா எனக்குத் தரை தெரியாது,” என்றார். பிறகு, “இங்க எதுக்கு நிக்கச் சொல்லுது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை அவருடன் அந்தப் பாதை முழுவதும் நடந்தேன். வலது கால் முன்வரும்போது கோல் இடப்பக்கம் தட்டுகிறது. இடது கால் வரும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னரே பார்த்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது என்று அவர்தான் சொன்னார். கோல் தரையை மட்டுமே அறியும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளம்பரப் பலகையும் தாழ்ந்த மரக்கிளையும் முகத்தில் இடித்த பிறகே தெரியவரும். சாலையைக் கடக்க அவர் நம்புவது வண்டிகளின் ஓசையை. ஆகவே மழை நாளில், தண்ணீர்ச் சத்தம் மற்ற ஓசைகளை மூடிவிடுவதால், அவருக்கு அதே சாலை வேறொரு சாலையாகிவிடுகிறது. மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் மின்வாரியப் பெட்டி நின்ற இடத்துக்கு வந்தோம். வரைபடத்தில் அந்தப் பெட்டி இல்லை என்பதால் எங்கள் கோடு நேராகச் சென்று அதன் மீதே முட்டி நின்றது. பார்வையுள்ள எங்களுள் ஒருவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் அனைவரும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம்.

புள்ளி டைல்களைப் பெயர்த்து எடுப்பதற்குப் புதிதாகப் பதிப்பதைவிட அதிக நேரம் பிடித்தது. செலவை யார் ஏற்பது என்ற தகராறில் இரண்டு வாரம் போனது. பெட்டியை நகர்த்த முடியவில்லை, கோட்டைத்தான் வளைத்தோம். திருப்பம் தொடங்கும் இடத்தில் மட்டும் புள்ளி டைல்களைப் பதித்தோம், இம்முறை அவரை நடக்கச் சொல்லிப் பார்த்த பிறகே சிமெண்ட் ஊற்றினோம்.

சில மாதங்கள் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். எதிரே இருந்த கடைக்கு வந்தவர்களின் இரு சக்கர வாகனங்கள் மஞ்சள் கோட்டின் மேலே வரிசையாக நின்றன. அவர் கோலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி எண்ணிக்கொண்டு வந்தார். என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டு, “இன்னிக்குப் பதினொண்ணு,” என்றார்.