பதவிப் பெயரை நம்பி ஜூ கூன் வரை போனேன்

சிராங்கூன் சாலைப் பக்கத்து அச்சகம் ஒன்றில் 14 ஆண்டுகள் திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், கடைப் பதாகை என்று பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவன் நான். அச்சகம் மூடப்பட்டபோது எனக்கு வயது 43. செயலி, இணையத்தளத் திரைகளை உருவாக்கும் மின்னிலக்க வடிவமைப்புக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து வேலை நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை 11 மாதங்கள் ஆயின. அவற்றில் பாதியாவது, எந்தப் பதவிப் பெயர் எந்த வேலையைக் குறிக்கிறது என்று சரியாகத் தெரியாததால் வீணானவை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் இழப்பு பணத்தில் வந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் பயிற்சிக் கட்டணத்துக்கென 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை வழங்கப்பட்டது அல்லவா, அதை நம்பித்தான் பயனர் அனுபவ வடிவமைப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சி நிலையத்தின் முகப்பில் இருந்த ஊழியர், "இப்போதைக்குக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், வகுப்பு தொடங்கிய பிறகு பொறுமையாகக் கோரிக்கொள்ளலாம்" என்றார். சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. திங்கட்கிழமை அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து பார்த்தால், வகுப்பு தொடங்கும் நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். திரும்பவும் நிலையத்துக்குப் போய்க் கேட்டதற்கு, அதே ஊழியர் விதிமுறைத் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, ஆறாம் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். மானியம் கழிந்து நான் கட்டிய 800 வெள்ளி சொந்தப் பணமாகவே போயிற்று. முகப்பில் யார் என்ன சொன்னாலும், கோரிக்கையை முதலில் முடித்துவிட்டு அதன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.

பயிற்சி நன்றாகவே நடந்தது. அதைப் பற்றிக் கூற வேறொன்றும் இல்லை.

அடுத்தது, சிங்கப்பூரின் மேற்கே தொழிற்சாலைகள் நிறைந்த ஜூ கூன். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் "பிராடக்ட் டிசைனர்" என்று தேடினால், செயலி வடிவமைப்பவருக்கான வேலையும் மின்விசிறி, நாற்காலி முதலிய பொருள்களை வடிவமைப்பவருக்கான வேலையும் ஒரே பட்டியலில் கலந்து வரும். இது எனக்குத் தெரியாது. விளம்பரத்தில் "சாலிட்வொர்க்ஸ் தெரிந்திருக்க வேண்டும்" என்று இருந்ததைப் படிக்கத்தான் செய்தேன். ஃபிக்மாவைப் போல அதுவும் ஒரு திரை வடிவமைப்பு மென்பொருள்தான், இரண்டு வாரத்தில் பழகிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பொருள்களை முப்பரிமாணத்தில் வரையும் பொறியியல் மென்பொருள். செங்காங்கிலிருந்து ஊட்ரம் பார்க், அங்கே மாறிக் கிழக்கு மேற்குப் பாதையில் ஜூ கூன், அதன் பிறகு ஒரு பேருந்து என்று ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன். எதிரில் அமர்ந்த பொறியாளரின் முதல் கேள்வி, பிளாஸ்டிக் வார்ப்பில் சுவரின் தடிமன் ஏன் சீராக இருக்க வேண்டும் என்பது. நான் கைப்பேசியில் நான் வடிவமைத்த உணவங்காடிச் செயலியின் திரைகளைத் திறந்து வைத்திருந்தேன். இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நல்ல மனிதர், தேநீர் கொடுத்து அனுப்பினார்.

மென்பொருள் நிறுவனங்களில் இதே பெயருக்குப் பொருள் வேறு. அங்கே பிராடக்ட் டிசைனர் திரையை வரைவதோடு நிற்பதில்லை. எதைச் செய்வது, எதை விடுவது என்று தயாரிப்பு மேலாளரோடு வாதாடுவதும், வெளியிட்ட பிறகு மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்று எண்களைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. எழுத்துரு, நிறம், பொத்தான் ஆகியவற்றின் ஒழுங்கைப் பார்ப்பவர் யுஐ (பயனர் இடைமுக) டிசைனர். சிறு நிறுவனங்களில் இரண்டும் ஒருவர் தலையில் விழும், கூடவே வேறு சிலவும். "யுஐ/யுஎக்ஸ் டிசைனர்" (யுஎக்ஸ் என்றால் பயனர் அனுபவம்) என்று சாய்கோடு போட்டு அழைத்த ஓர் இடத்தில், வேலையின் பெரும்பகுதி வாரந்தோறும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மின்னஞ்சல்களை அலங்கரிப்பதுதான் என்பது நேர்காணலின் இருபதாவது நிமிடத்தில் தெரிந்தது. பணிப் பட்டியலில் அத்தகைய மின்னஞ்சலைக் குறிக்கும் "இடிஎம்" என்ற சொல் இரண்டு முறைக்கு மேல் தென்பட்டால் அது சந்தைப்படுத்தும் துறையின் வேலை என்று கொள்ளுங்கள். 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் வடிவமைப்பு வல்லுநர் டான் நார்மன் "பயனர் அனுபவம்" என்ற சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டபோது, அது இத்தனை கிளைகளாகப் பிரிந்து என்னைப் போன்றவர்களை அலைக்கழிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

மிகவும் வலித்தது பயனர் ஆய்வாளர் வேலைக்கான நேர்காணல். வடிவமைப்பாளர் வேலைகளுக்குக் காட்டிய அதே போர்ட்ஃபோலியோவை (செய்த வேலைகளின் தொகுப்பை), இருபதுக்கும் மேற்பட்ட அழகிய திரைகளோடு, அங்கும் எடுத்துப் போனேன். நேர்காணல் நடத்திய அம்மையார் திரைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. யாரிடம் பேசினீர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், கேள்விகளை எழுதிய தாள் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். அந்தத் தாளைப் பயிற்சி முடிந்ததும் கிழித்துப் போட்டிருந்தேன். ஐந்து பேரிடம் பேசினேன், ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொல்லியிருக்கிறாரே என்றேன். நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது, செய்து முடித்த ஒரு வடிவமைப்பைச் சோதிப்பதைப் பற்றியது என்று அவர் பொறுமையாக விளக்கினார்: ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகளைக் காட்டிக்கொடுத்தால், ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காட்டிவிடுவார்கள் என்பது அந்தக் கணக்கு, மக்களுக்கு என்ன தேவை என்று அறியப் போகிறவர் அந்த ஐந்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பேட்டி கண்டவர்களின் படங்களும் முழுப் பெயர்களும் என் பக்கங்களில் இருந்தன. "இவர்களிடம் ஒப்புதல் வாங்கினீர்களா?" என்று கேட்டுவிட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டினார். வாங்கவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே, ரயிலில் நின்றபடி, அந்தப் பக்கங்களை இணையத்திலிருந்து நீக்கினேன். ஆய்வாளர் வேலைக்குப் போகிறவர்கள் கேள்வித் தாள், ஒப்புதல் படிவம், தாங்கள் முதலில் நினைத்தது எங்கே தவறிப் போயிற்று என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சேவை வடிவமைப்பாளர் என்று இன்னொரு பதவி உண்டு. வரிசை எண்ணிலிருந்து முகப்பு ஊழியரின் பேச்சு வரை முழுச் சேவையையும் ஒரே வரைபடமாகப் பார்ப்பவர். அதற்கு நான் விண்ணப்பிக்கவில்லை, ஆனால் அந்த 800 வெள்ளியை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு ஒருவர் தேவை என்று தோன்றும்.

கடைசியில் கைகொடுத்தது, நான் தகுதியாகவே எண்ணாத அச்சகப் பழக்கம். உடல்நலச் சேவை தரும் நடுத்தர நிறுவனம் ஒன்று, திரையில் வரும் சொற்களுக்குப் பொறுப்பேற்கும் கண்டென்ட் டிசைனர் வேலைக்காக, மருத்துவச் சந்திப்பை முன்பதிவு செய்யும் படிவம் ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னது. இரண்டு மணி நேரம், அவர்கள் அலுவலகத்திலேயே. (வார இறுதி முழுவதையும் விழுங்கும் வீட்டுப் பாடத்தைச் சம்பளமின்றிக் கொடுத்த இரண்டு இடங்களுக்கு அதற்கு முன்பே மறுப்புச் சொல்லியிருந்தேன்.) நான் முதலில் செய்தது படிவத்தைத் தமிழில் போட்டுப் பார்த்தது. ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு அளந்த பொத்தானுக்குள் "சமர்ப்பிக்கவும்" நுழையாமல் வெளியே வழிந்தது. வரி இடைவெளி போதாமல் "நு", "ழு" ஆகியவற்றின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. "அனுப்பு" என்று மாற்றி, இடைவெளியைக் கூட்டி, சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் தாங்கும்படி பொத்தானின் அகலத்தைத் திருத்தினேன். இத்தனை நாளும் இதை யாரும் கவனிக்கவில்லையே என்று அங்கிருந்த ஒருவர் தம் சக ஊழியரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. 11 மாதங்களில் நான் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்த நேரம் அதுதான்.

நியமனக் கடிதத்தோடு வந்த முக்கிய வேலை நியமன விதிமுறைத் தாளில் பதவிப் பெயர் "மூத்த நிர்வாகி (மின்னிலக்கம்)" என்று இருந்தது. முக்கியப் பணிகள் என்ற இடத்தில் "அவ்வப்போது ஒப்படைக்கப்படும் பணிகள்" என்று ஒரே வரி. வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு 2016 ஏப்ரல் முதல் அந்தத் தாளை எழுத்து வடிவில் தருவது கட்டாயம். பதவிப் பெயரும் முக்கியப் பணிகளும் பொறுப்புகளும் அதில் இடம்பெற வேண்டும். பெயரை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டு, பணிகளை மட்டும் விளக்கி எழுதித் தரும்படி மனிதவள அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, நினைவூட்டலாக அனுப்பிய இரண்டாவதற்கு "இதுதான் எங்கள் வழக்கமான படிவம்" என்று வந்தது, மூன்றாவதற்கு நான்கு மொழிகளிலும் திரைச் சொற்களை எழுதிச் சரிபார்ப்பது, பயனர் சோதனைகளில் கலந்துகொள்வது உட்பட ஐந்து வரிகளுடன் திருத்திய தாளே வந்து சேர்ந்தது. அதில் இடிஎம் இல்லை. கையெழுத்திட்டேன்.