தகர வேலியில் ஒரு குடைக்காம்பு

டங், டங், டங்.

1999 டிசம்பர், விடியப்புறம் நாலு மணி. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நின்ற தகர வேலியில் மூன்று தட்டு விழும். தட்டுவது பக்கத்து வீட்டு ரீச்சர், குடைக்காம்பால். மாரி தொடங்கினால் அந்தக் குடை அவர் கையை விட்டு இறங்காது, மழை பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி.

"தம்பி, உன்ர சாமியே எழும்பியிருப்பார். நீ இன்னும் எழும்பேல்லையா?"

ரீச்சர் கத்தோலிக்கர். அந்த நேரத்துக்கே எழும்பிச் செபமாலை சொல்லி முடித்து, காலைப் பூசைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பார். திருவெம்பாவைக்கு என்னை எழுப்பிவிடும் பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. முதல் நாள் அம்மா கத்திக் களைத்ததை வேலிக்கு மேலால் கேட்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டாம் நாளிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது.

நான் அப்போது ஆண்டு 10. திருகோணமலை வில்லூன்றிக் கந்தசாமி கோவில் பக்கத்துப் பொடியள் பத்துப் பேர் வரையில் சேர்ந்து, கிணற்றடியில் நடுங்க நடுங்கக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, திருவெம்பாவை பாடி ஊரை எழுப்பத் தெருவில் இறங்குவோம். ஒருவன் சங்கு ஊதுவான். என் கையில் சேமக்கலம். அந்தப் போர்க்காலத்தில் எங்கள் தெரு முனையில் சோதனைச் சாவடி இருந்தது. போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் இரண்டு தெருவுக்கு மட்டும் எங்களை விட்டார்கள். காவல் நின்றவர் முதல் நாள் ரோர்ச் லைற்றை என் முகத்தில் அடித்து, சேமக்கலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார். உடனே மனிதம் மலர்ந்தது என்று எழுத மாட்டேன். அடுத்த கிழமை அதே ஆள் அடையாள அட்டை கேட்டு என்னை அரை மணி நேரம் மழையில் நிற்கவைத்தார். இரண்டும் நடந்தன.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் டிசம்பர் என்றால் பனியில்லை, மாரி. வாடைக் காற்றும், நாள் முழுக்க ஓயாத தூறலும், உலராத பள்ளிக்கூடக் காற்சட்டையும், இரவில் படுத்துக்கொண்டே கேட்கக்கூடிய டச்பே கடலின் இரைச்சலும். அந்த ஈரத்துக்குள்தான் எல்லாருடைய பண்டிகையும் வந்து நிற்கும்.

எங்கள் கல்லூரியில் அது ஒளிவிழாவோடு, அதாவது பள்ளிக்கூடத்து நத்தார் (கிறிஸ்மஸ்) விழாவோடு தொடங்கும். தவணை முடிவதற்கு முன் மேடையில் பாலன் குடில் போடுவோம். அந்த வருடம் மூவரசர்களில் தூபம் கொண்டுபோகும் அரசன் நான். வெள்ளைப்போளம் கொண்டுவந்தவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்த, ஜமாலியாப் பகுதி முஸ்லிம் நண்பன். (எங்கள் ஊரில் வாங்கு என்றால் உட்காருவதும்தான், பள்ளிவாசலில் சொல்வதும்தான். அவனிடம் இரண்டும் இருந்தன.) மற்றவர்கள் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர, நான் மட்டும் அப்பம்மாவின் தூபக்காலில் தணல் போட்டு, உண்மையான சாம்பிராணியைக் கைநிறைய அள்ளிக் கொட்டிவிட்டேன். புகை மேடையை மூடியது. மாதா இருமினார், சூசையப்பர் தாடியைக் கழற்றி மூக்கைப் பொத்தினார், முன்வரிசையில் இருந்த விருந்தினர் எழுந்து யன்னல் பக்கம் போனார். குழந்தை இயேசு பொம்மை என்பதால் தப்பியது. "மச்சான், பெத்லகேமுக்கு நீ நுளம்புக்குப் புகை போடவா வந்தனி?" என்று நண்பன் மேடையிலேயே கேட்டான்.

விடுமுறை விட்டதும் நோன்பு தொடங்கியது. அந்த வருடம் ரமழான் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வந்தது. பின்னேர ரியூசனில் அவன் வாடிப்போய் இருப்பான். கணித மாஸ்ரர் யாரும் கேட்காமலே நேரத்தோடு வகுப்பை முடிப்பார். அவன் சைக்கிளை எடுத்து ஜமாலியா போய்ச் சேர, வாங்குச் சத்தம் கேட்க, கஞ்சிக் கோப்பை கைக்கு வர, எல்லாம் சரியாக இருக்கும். எங்களில் யாரும் அவன் முன்னால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் ஒருவன் காற்சட்டைப் பையில் கச்சான் வைத்துத் தின்பான். அது யாரென்று இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது அவனுக்கே தெரியும்.

நோன்பு பிடிக்க முன் சாப்பிடும் சகருக்கு எழுப்ப, றபான் என்ற பறையைத் தட்டிக்கொண்டு ஒரு பாவா (பக்கீர்) தெருத்தெருவாக வருவார் என்று அவன் சொன்னபோதுதான் எனக்குச் சேமக்கலம் நினைவுக்கு வந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "உங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் முந்தி" என்றான். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் மச்சான். எங்கட பாவாவுக்குப் பெருநாளைக்கு வீடு வீடாய்ப் போனால் சந்தோஷம் குடுப்பினம். உனக்கு என்ன குடுப்பினம்?"

"கடலையும் சர்க்கரைப் புக்கையும்."

"அப்ப நீதான் ஏமாளி."

அந்த டிசம்பர் 22 முழுநிலவு. பௌத்தர்களுக்கு அது உந்துவப் போயா. அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இலங்கைக்கு வந்ததை நினைக்கும் நாள். எங்களுக்குத் திருவாதிரை அதையொட்டி வந்தது. நோன்பு ஏறக்குறைய பாதி கடந்திருந்தது, நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. சங்கமித்தை யாரென்று எனக்குச் சரித்திரப் புத்தகத்தில் தெரியும். மூன்று வீட்டு நாட்காட்டியும் ஒரே நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது. நண்பன்தான் கணக்குக் காட்டினான். நோன்பு நிலவை மட்டும் பார்த்து நடக்கிறது, வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு வரும், ஒரு சுற்றுச் சுற்ற 33 வருடம் பிடிக்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 2031, 2032 டிசம்பர்களில் மறுபடி அதே நெரிசல். (2004 டிசம்பர் 26ம் முழுநிலவு நாள்தான். அதை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவர எனக்கு மனமில்லை.)

ஒளிவிழா மேடையில் வருடா வருடம் ஒரு பேச்சு இருக்கும். எல்லா மதமும் ஒளியைத்தான் போற்றுகிறது, கார்த்திகை விளக்கும் நத்தார் மெழுகுதிரியும் ஒன்றுதான் என்று. பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் வெளிச்சத்தைப் போற்ற மதம் தேவையில்லை. எனக்குப் பட்டது வேறு. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் யாரோ ஒருவர் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இன்னொருவரை எழுப்பிக்கொண்டே இருந்தார். தான் மட்டும் எழும்பிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் காணாது என்று பாவாவும் நினைத்தார், ரீச்சரும் நினைத்தார்.

பாட்டே அப்படித்தான் இருக்கிறது. பத்து நாள் சேமக்கலம் தட்டிய காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் 'ஏலோர் எம்பாவாய்' வந்தால் ஒரு பாட்டு முடிந்தது, இருபது முடிந்தால் கடலை என்பதுதான். மாணிக்கவாசகரை ஆறுதலாகப் படித்தது பிற்காலத்தில். முதல் எட்டுப் பாட்டும், எழும்பாமல் கிடக்கிற தோழியின் வாசலில் நின்று மற்றப் பெண்கள் கேலி பேசிக் கூப்பிடுவது. நேற்று என்ன வாய் பேசினாய், இன்றைக்குப் படுக்கைக்கு அன்பு வைத்துவிட்டாயா என்கிற மாதிரி. அதன்பின் கோவிலில் திருப்பள்ளியெழுச்சி பத்துப் பாட்டு. அதில் சிவபெருமானையே எழுப்புகிறோம். ரீச்சர் தமிழ் படிப்பித்தவர். வேலிக்கு அப்பால் நின்று அவர் விட்ட பகிடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

சரி, நான் பட்ட வெட்கத்துக்கு வருகிறேன்.

நத்தாருக்கு முதல்நாள் ரீச்சர் வீட்டில் விடியற்காலையிலிருந்து அடுப்பு. கேக், கொக்கிஸ், பயற்றம் பணியாரம். பாலையூற்றுப் பறங்கியர் குடும்பமொன்று வயலினோடு வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனது. இரவு எட்டரைக்கு ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "தம்பி, கொஞ்சம் சரியப்போறன். பத்தரைக்கு ஒருக்காத் தட்டிவிடு. பூசைக்குப் போகவேணும்."

ஒன்பது நாள் என்னை எழுப்பியவர் கேட்ட ஒரேயொரு தட்டு. நான் ஒரு கணிதக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு வேலியோரம் கதிரை போட்டு இருந்தேன். ஒன்பதரை வரை நினைவிருக்கிறது. பிறகு கேட்டது தேவாலய மணி. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம், ரீச்சரின் வயதான அம்மாவின் புலம்பல், படலை திறபடும் ஓசை. சேலைத் தலைப்பைச் செருகியபடியே ரீச்சர் ஓடுவதைக் கதிரையில் இருந்தபடி பார்த்தேன். குடையை எடுக்காமல் போனார். வாழ்க்கையில் அவரைக் குடையில்லாமல் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கேக் தட்டு வந்தது, மேலே பூப்போட்ட துணி மூடியிருந்தது. முகம் பார்க்க முடியாமல் நான் அறைக்குள் இருக்க, அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "எங்கே அந்தப் பெத்லகேம் சத்திரக்காரன்? சத்திரத்தில இடமில்லையெண்டு கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்தவன்?" அன்றிலிருந்து என் பெயர் சத்திரக்காரன். அந்த ஜனவரியில் பெருநாள் வந்தபோது, நண்பன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கும் போனேன். வாங்கி வைத்துக்கொண்டு, "பெருநாளாவது நித்திரை கொள்ளாமல் வந்திட்டியே" என்றார். தொழுகைக்கு முன்பே பித்ரா அரிசியை அளந்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், பெருநாளன்று யாரும் பட்டினி கிடக்கக்கூடாது என்று நண்பனின் வாப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். "அதுதானே முறை" என்றார், வட்டிலப்பத்தைப் பார்த்தபடி.

இப்போது ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே டிசம்பர் நடுவில் சூரியன் காலை ஒன்பதே காலுக்குத்தான் வரும், பின்னேரம் மூன்றே காலுக்குள் போய்விடும். மகள் பாலர் பாடசாலைக்குப் போன முதல் வருடம், டிசம்பர் 13 காலை ஏழரைக்குப் பெற்றோரை வரச் சொன்னார்கள். லூசியா நாள். சிசிலித் தீவின் சிரக்கூசாவில் உயிர்துறந்த ஒரு புனிதையின் நாள், வடக்கே வந்து நீண்ட இரவின் விழாவாகிவிட்டது. கும்மிருட்டில் வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் கையில் பற்றரி மெழுகுதிரியோடு வரிசையாக வந்தார்கள். எங்களுக்குக் குங்குமப்பூப் போட்ட, முந்திரிகை வற்றல் பதித்த மஞ்சள் பணிஸ் தந்தார்கள். பக்கத்தில் நின்ற சுவீடன்காரத் தாய் சொன்னார்: அவருடைய ஊரில் அன்றைக்கு வீட்டின் மூத்த பெண்தான் விடிய முன் எழும்பி, கோப்பியும் பணிசும் கொண்டுபோய் மற்றவர்களை எழுப்ப வேண்டுமாம். நான் வாயில் வைத்த பணிசை விழுங்காமல் நின்றேன்.

வேலையிடத்தில் ஓர் ஈரானியர் இருக்கிறார். அவர்களுடைய யல்டா இரவு வருடத்தின் மிக நீண்ட இரவு. மாதுளை உடைத்து, வத்தகப்பழம் வெட்டி, பெரியவர்களைச் சுற்றி இருந்து, ஹாஃபிஸின் கவிதை வாசித்து, ஒருவரை ஒருவர் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். "எழுப்புகிற வேலையே இல்லை பார்" என்றார். எங்கள் சிவராத்திரி என்று விளக்கினேன். மேல்வீட்டு நோர்வேக்கார மூதாட்டி நத்தாருக்குக் குருவிகள் தின்னவென்று ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைப் பல்கனியில் கட்டுவார். என் மனைவிக்கு அவரை மிகவும் பிடிக்கும், காகத்துக்குச் சோறு வைக்கிற ஆள் என்று.

24ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு இந்த ஊர்த் தேவாலயங்களில் மணி அடிக்கும், நோர்வேக்காரருக்கு நத்தார் அதோடு தொடங்கும். நான் ஆறு மணி வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே ஆறு என்றால் திருகோணமலையில் பத்தரை. போன் எடுப்பேன். ரீச்சருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், மணி நெடுநேரம் அடிக்கும்.

"ரீச்சர், பத்தரை."

"தெரியும். நீ எடுப்பாய் எண்டு எட்டரையிலிருந்து முழிச்சுத்தான் கிடக்கிறன், சத்திரக்காரா" என்பார். "மழை பெய்யுது. குடையைத் தேடவேணும், வை."